திண்டிவனம் முதல் வேலூர் வரை: இடர்களில் நிலைத்த ஒரு மருத்துவ ஊழியம்

கிறிஸ்தவ ஊழியத்தில் உண்மையாய் நிலைத்திருத்தல் என்பது, ஏற்றுக்கொண்ட பணியை நோய், மரணம், வறுமை, எதிர்ப்பு, உடன் ஊழியரோடு ஏற்படும் பிணக்கு ஆகிய எல்லாவற்றின் நடுவிலும் கைவிடாமல் நடத்திச் செல்வதாகும். திருச்சபையின் தொடக்க காலத்திலிருந்தே இது பேசப்பட்டு வருகிறது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபம், சிறையில் இருக்கும் மூத்த ஊழியர் ஒருவர் இளைய ஊழியரைத் தளரவிடாமல் தாங்கும் கடிதமாகவே அமைந்துள்ளது. பாடு அனுபவிக்கும்படி சொல்லும் அதே நிருபம், கற்றதை மற்றவர்களுக்குக் கற்பிக்கத் தகுந்த ஆட்களிடம் ஒப்புவிக்கவும் சொல்கிறது. பிரசங்கங்களில் முதல் அறிவுரை அடிக்கடி கேட்கப்படுகிறது. இரண்டாவது அவ்வளவாகக் கேட்கப்படுவதில்லை. வட தமிழகத்தின் ஆர்க்காடு மிஷன் வரலாறு, குறிப்பாகத் திண்டிவனத்தில் தொடங்கி வேலூரில் வளர்ந்த மருத்துவ ஊழியத்தின் வரலாறு, இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதைக் காட்டுகிறது.

களம்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட பகுதி பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. சென்னையிலிருந்து விழுப்புரம் செல்லும் ரயில் பாதையில் திண்டிவனத்தைக் கடந்தால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஊர்கள் வரும். ஏரிப் பாசனத்தையும் வானத்தையும் நம்பி நெல், கம்பு, கேழ்வரகு, மல்லாட்டை விளைவித்த நிலம் இது. பருவமழை தவறினால் ஏரி வறண்டுவிடும். ஏரி வறண்டால் கூலி வேலையும் போய்விடும். ஊர் தனியாகவும் சேரி தனியாகவும் இருந்தன. நிலம் ஊரில் இருந்தது, உழைப்பு சேரியிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ ஊழியர்கள் இந்தப் பகுதிக்கு வந்தபோது கண்ட நிலைமை இதுதான்.

பிரெஞ்சுப் பாதிரியார்கள் புதுச்சேரியை மையமாகக் கொண்டு கத்தோலிக்கப் பணியை நடத்தினர். டென்மார்க் நாட்டு லுத்தரன் மிஷன் பண்ருட்டி, திருக்கோவிலூர் பக்கம் பணி செய்தது. அமெரிக்க ஆர்க்காடு மிஷன் வடக்கில் ராணிப்பேட்டை, ஆரணி, வேலூர், சித்தூர் ஆகிய ஊர்களிலும் தெற்கில் செஞ்சி, திண்டிவனம் ஆகிய ஊர்களிலும் நிலைகொண்டது. திண்டிவனத்திலுள்ள வால்டர் ஸ்கடர் மேல்நிலைப் பள்ளி இந்த மிஷனின் பெயரை இன்றும் ஊரில் நிலைநிறுத்தி வருகிறது.

முதல் தலைமுறை: யாழ்ப்பாணமும் சென்னையும்

ஆர்க்காடு மிஷனின் வேர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. நியூயார்க்கில் நல்ல வருமானத்தோடு தொழில் நடத்திய மருத்துவர் ஜான் ஸ்கடர், நோயாளி ஒருவரின் வீட்டில் கண்ட சிறு துண்டுப் பிரசுரத்தைப் படித்து மிஷனரியாக முடிவெடுத்தார். 1819ஆம் ஆண்டு மனைவி ஹாரியட்டோடும் கைக்குழந்தையோடும் கப்பலேறினார். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்ற முதல் மருத்துவ மிஷனரி என்று அவர் கருதப்படுகிறார். கப்பல் கல்கத்தாவை அடைந்ததும் குழந்தை நோயுற்று இறந்தது. பணி தொடங்கும் முன்னரே வந்த முதல் இழப்பு அது. பெற்றோர் திரும்பிப் போகவில்லை. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் குடியேறி, மருத்துவமும் பள்ளியும் பிரசங்கமும் சேர்ந்த பணியைத் தொடங்கினர்.

1836இல் ஜான் ஸ்கடர் சென்னைக்கு மாற்றப்பட்டார். அச்சுக்கூடம் நிறுவித் தமிழில் நூல்களும் பிரசுரங்களும் வெளியிடுவது இந்த மாற்றத்தின் நோக்கம். பிற்காலத்தில் பெரிய தமிழ்–ஆங்கில அகராதியை உருவாக்கிய மைரன் வின்ஸ்லோ இதில் அவருடைய உடன் ஊழியர். ஊர் ஊராகச் சென்று நெடுநேரம் நின்று பிரசங்கித்ததில் ஸ்கடரின் உடல் நலிந்தது. 1842இல் அமெரிக்கா திரும்பிய அவர், ஓய்வுக்காகச் சென்ற அந்த ஆண்டுகளிலும் அங்குள்ள சிறுவர்களிடம் மிஷன் பணியைப் பற்றிப் பேசி வந்தார். உடல் தேறியதும் மீண்டும் தமிழ்நாட்டுக்கு வந்தார். 1849இல் ஹாரியட் சென்னையில் இறந்தார். 1855இல் ஜான் ஸ்கடர் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைப் பகுதியில், உடல்நலத்துக்காகச் சென்ற இடத்தில், காலமானார்.

அவர்களுடைய மகன்களில் எழுவர் மிஷனரிகளாகத் தமிழ்நாட்டுக்கு வந்தனர். இவ்வளவு பேர் ஒரே வீட்டிலிருந்து வந்ததற்குப் பெற்றோரின் பக்தி மட்டும் காரணமன்று. தமிழைக் குழந்தைப் பருவத்திலேயே கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த நாடு அந்நியமாக இருக்கவில்லை. பணியின் கடுமையை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். தாயின் கல்லறையும் இங்கேயே இருந்தது.

ஆர்க்காடு மிஷன்: தங்கியவர்களும் திரும்பியவர்களும்

1853இல் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் என்ற மூன்று சகோதரர்கள் ஆர்க்காடு மிஷனைத் தொடங்கினர். நான்கு ஆண்டுகளில், 1857இல், அது அமெரிக்காவின் ரிஃபார்ம்டு திருச்சபையின் நேரடிப் பொறுப்புக்கு வந்தது. மக்களின் தாய்மொழியில் ஊர் ஊராகப் பிரசங்கிப்பதும் நூல் பரப்புவதும் கிராமச் சபைகளைக் கட்டுவதுமே முதன்மைப் பணி என்று தொடக்கத்தில் வகுத்துக்கொண்டனர். பின்னர் மருத்துவமும் பள்ளிகளும் விரிந்தன. 1866இல் அவர்களுடைய சகோதரர் சைலஸ் ஸ்கடர் ராணிப்பேட்டையில் மருத்துவமனையைத் தொடங்கினார்.

தொடங்கிய மூவரில் எல்லோரும் இங்கேயே இறுதிவரை இருந்தவர்கள் அல்லர். ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் 1864இல் உடல்நலம் கெட்டு நாடு திரும்பினார். அங்கே போதகராகப் பணியாற்றினார். ஜோசப்பும் அதற்கு முன்பே திரும்பியிருந்தார். இந்த விவரங்கள் முக்கியமானவை. நிலைத்திருத்தலைப் பற்றிய சொற்பொழிவுகள் பெரும்பாலும் தங்கியவர்களை மட்டுமே எண்ணுகின்றன. காலரா, வயிற்றுக்கடுப்பு, காய்ச்சல் ஆகியவற்றுக்கு மருந்து ஏதும் சரியாக இல்லாத காலத்தில் திரும்பிப் போனதை உண்மைக் குறைவு என்று சொல்ல முடியாது. ஒருவர் விழுந்த இடத்தில் அடுத்தவர் நிற்க முடிந்ததா என்பதே மிஷனுக்கு முன் இருந்த கேள்வி. ஆர்க்காடு மிஷனில் நிற்க முடிந்தது. சகோதரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டிருந்தனர்.

ஓய்வும் பணியின் பகுதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. மதுரைப் பகுதி அமெரிக்க மிஷனரிகள் நோயிலும் சாவிலும் அடிபட்ட பின் 1845இல் கோடைக்கானலில் வீடுகள் கட்டினர். கோடை மாதங்களில் மலைக்குச் சென்று உடலைத் தேற்றிக்கொள்ளும் வழக்கம் பிற மிஷன்களுக்கும் பரவியது. இதைச் சொகுசு என்று குறை கூறியவர்களும் இருந்தனர். ஆனால் இந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் முப்பது, நாற்பது ஆண்டுகள் பணி செய்தவர்களின் எண்ணிக்கை கூடியது.

எழுவரில் இளையவரான இரண்டாம் ஜான் ஸ்கடர் 1861இல் மனைவி சோஃபியா வெல்டுடன் வந்தார். சோஃபியாவின் உடல் இந்தியாவைத் தாங்காது என்று அனுப்பும் வாரியம் தயங்கியது. அந்தத் தயக்கத்தை மீறி வந்த அவர், கணவரை அடக்கம் செய்த பிறகும் இங்கேயே தங்கி, 1920களின் நடுப்பகுதி வரை வாழ்ந்தார். மிஷன் அறிக்கைகள் ஆண்களின் பெயரால் எழுதப்பட்டன. வீடு, விடுதி, தாயற்ற பிள்ளைகள், நோயாளிகளின் கஞ்சி, பெண்களின் வகுப்பு என்று நாள் முழுதும் நீண்ட பெண்களின் உழைப்பு அவற்றில் அரைவரியில் முடிந்துவிடும். நிலைத்திருத்தலின் பெரும்பகுதி அந்த அரைவரிக்குள் இருக்கிறது.

பஞ்சமும் கிராமத்து உபதேசியாரும்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாக்கிய தாது வருஷப் பஞ்சம் ஆர்க்காடு மாவட்டங்களைச் சூறையாடியது. பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த காய்ச்சலிலும் இறந்தோர் தொகை 50 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது. மிஷன் பங்களாக்கள் கஞ்சித் தொட்டிகளாயின. அப்போது ஐந்தாறு வயதுச் சிறுமியாக இருந்த ஐடா ஸ்கடர், இரண்டாம் ஜானின் மகள், பட்டினிப் பிள்ளைகளின் வாயில் உணவு ஊட்டிய நினைவைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த நினைவே இந்தியாவில் வாழ மாட்டேன் என்ற எண்ணத்தையும் அவருக்குள் விதைத்தது.

பஞ்சத்துக்குப் பின் பெருந்தொகையானோர், குறிப்பாகச் சேரி மக்கள், தென்னிந்திய மிஷன்களில் சேர்ந்தனர். சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்று இவர்களைப் பழித்தவர்கள் உண்டு. பஞ்சம் தீர்ந்து கஞ்சித் தொட்டிகள் மூடப்பட்ட பிறகு என்ன நடந்தது என்பதைக் கொண்டுதான் இந்தப் பழியை எடைபோட வேண்டும். கணிசமானோர் சபைகளில் நிலைத்தனர். அந்த நிலைப்புக்கு அவர்கள் கொடுத்த விலை சிறியதன்று. வேதக்காரராகிய பண்ணையாளுக்குக் கூலி மறுப்பது, பாதையை அடைப்பது, பழைய கடனை உடனே கேட்பது, குடிசையைப் பிடுங்குவது ஆகியவை நிலவுடைமையாளர் கையாண்ட வழக்கமான நெருக்கடிகள்.

இந்த நெருக்கடியில் மக்களோடு நின்றவர் வெள்ளைக்கார மிஷனரி அல்லர், கிராமத்து உபதேசியார். மிஷனரி வண்டி கட்டிக்கொண்டு சில வாரங்களுக்கு ஒருமுறை வருவார். உபதேசியார் அந்தத் தெருவிலேயே குடியிருந்தார். சொற்ப மாதச் சம்பளத்தில் காலையில் பள்ளிக்கூடம், மாலையில் ஜெபக்கூட்டம், இடையில் மனு எழுதுவது, நோயாளிக்கு மருந்து வாங்கி வருவது, சாவு வீட்டில் குழி வெட்ட ஆள் திரட்டுவது என்று அவருடைய நாள் கழிந்தது. வீடு வீடாகச் சென்று பெண்களுக்குக் கற்பித்த வேதாகமப் பெண்களின் பணியும் இத்தகையதே. இவர்களில் மிகப் பலரின் பெயர் எந்த நூலிலும் இல்லை. தென்னார்க்காட்டில் சபைகள் இன்று இருக்கின்றன என்றால், அதற்கு முதல் காரணம் இவர்கள் தம் தெருவை விட்டுப் போகாததுதான்.

மனச்சான்றின் இடர்: கார்ல் ஓக்ஸ்

ஊழியத்தில் எல்லா இடரும் வெளியிலிருந்து வருவதில்லை. இதே தென்னார்க்காட்டில் பணியாற்றிய கார்ல் ஓக்ஸ் இதற்குச் சான்று. லைப்சிக் லுத்தரன் மிஷனைச் சேர்ந்த அவர், சாதி வேறுபாட்டைச் சபைக்குள் பொறுத்துக்கொள்ளும் தம் மிஷனின் கொள்கையை ஏற்கவில்லை. சாதியை விட்டுவிடுவது கிறிஸ்தவ வாழ்வின் பகுதியே என்று வாதிட்டார். கருத்து வேறுபாடு முற்றியதும் மிஷனை விட்டு விலகி, 1860களின் தொடக்கத்தில் பண்ருட்டிக்கு அருகிலுள்ள மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற பெயரில் தனியாகப் பணி தொடங்கினார். பிறகு டென்மார்க் மிஷன் சங்கம் அவரைத் தன் ஊழியராக ஏற்றது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்தத் தொடக்கத்திலிருந்து வளர்ந்தது.

ஓக்ஸ் எழுப்பிய கேள்வி தீர்ந்துவிடவில்லை. சாதியின் அடிப்படையில் இருக்கையும் கல்லறையும் பிரிக்கப்பட்ட கொடுமை தமிழ்நாட்டுச் சபைகள் பலவற்றில் நெடுங்காலம் நீடித்தது. 1950இல் குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வெளிவந்தபோது, கிறிஸ்தவரான தலித்துகள் அப்பட்டியலுக்கு வெளியே விடப்பட்டனர். சபைக்குள் புறக்கணிப்பு, சபைக்கு வெளியே உரிமை இழப்பு என்ற இரட்டைச் சுமையோடு விசுவாசத்தில் நிலைத்தவர்களின் வரலாறு, எந்த மிஷனரியின் வரலாற்றுக்கும் குறைந்ததன்று.

திண்டிவனத்தில் ஓர் இரவு

ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்து, அங்கேயே வாழ்வை அமைத்துக்கொள்ளும் எண்ணத்தில் இருந்தார். 1890இல் தாய் சோஃபியா நோயுற்றதால், அப்போது பெற்றோர் பணியாற்றிய திண்டிவனத்துக்கு வந்தார். தாய் தேறியதும் திரும்பிவிடுவதே அவருடைய திட்டம்.

அவரது வாழ்க்கை வரலாறுகள் எல்லாம் விவரிக்கும் நிகழ்வு அங்கே நடந்தது. ஒரே இரவில் மூவர், ஒருவர் பின் ஒருவராக, மிஷன் பங்களாவுக்கு வந்தனர். முதலில் வந்தவர் பிராமணர், அடுத்தவர் முஸ்லிம், மூன்றாமவர் மற்றோர் உயர்சாதி இந்து. மூவர் வீட்டிலும் இளம் மனைவி பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். மூவரும் ஐடாவை அழைத்தனர். தனக்கு மருத்துவம் தெரியாது, தந்தை மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள் என்று ஐடா சொன்னார். அந்நிய ஆண் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுவதை மூவருமே ஏற்கவில்லை. காலையில் மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது.

அந்த மரணங்களுக்குப் பின்னால் இருந்த சமூக ஏற்பாடு வெளிப்படையானது. குழந்தை மணத்தால் உடல் முதிராத சிறுமிகள் தாயாயினர். நாட்டு மருத்துவச்சிகளுக்குச் சாதாரணப் பிரசவம் கைவந்த கலையாக இருந்தாலும், குழந்தை குறுக்கே கிடந்தாலோ இடுப்பெலும்பு குறுகியிருந்தாலோ செய்வதற்கு ஒன்றுமில்லை. பெண்களை அந்நிய ஆண்களின் பார்வையிலிருந்து மறைத்து வைக்கும் கோஷா முறை ஆண் மருத்துவரைத் தடுத்தது. பெண் மருத்துவர் திண்டிவனத்தில் இல்லை, சுற்றுவட்டாரத்திலும் இல்லை. இந்தக் குறை பக்தியால் தீரக்கூடியதன்று. அதற்குப் பயிற்சி வேண்டும். ஐடாவின் முடிவு அதைத்தான் ஏற்றுக்கொண்டது: அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்புவது.

இப்போது நிலைமை வேறு. முண்டியம்பாக்கத்தில் 2010இல் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. திண்டிவனத்திலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்த வளாகத்தில் இன்று பெண்கள் மருத்துவம் படிக்கிறார்கள், மகப்பேறு பார்க்கிறார்கள். மூன்று குடும்பங்களுக்கும் அந்த இரவில் இல்லாமல் போனது எது என்பதை இந்த மாற்றம் தெளிவாகச் சொல்கிறது.

வேலூரில் ஒற்றைப் படுக்கை

ஐடா முதலில் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பெண்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்த கார்னெல் மருத்துவக் கல்லூரிக்குப் பின்னர் மாறி, 1899இல் பட்டம் பெற்றார். புறப்படும் முன் மருத்துவமனைக்குப் பணம் திரட்டினார். ராபர்ட் ஷெல் என்ற வங்கியாளர், மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார்.

1900 ஜனவரியில் வேலூர் வந்தபோது தந்தையோடு சேர்ந்து அனுபவம் பெறலாம் என்று ஐடா எண்ணியிருந்தார். சில மாதங்களில் தந்தை புற்றுநோயால் இறந்தார். கற்றுக்கொடுக்க ஆளில்லை, கட்டடம் இல்லை, ஊராருக்கு இந்த இளம்பெண்ணின் மருத்துவத்தில் நம்பிக்கையும் இல்லை. ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருந்தகத்துக்குத் தொடக்கத்தில் நோயாளிகள் வரத் தயங்கினர். வீட்டில் வேலை பார்த்த சலோமி என்ற பெண்ணே முதல் உதவியாளராகப் பழக்கப்பட்டார். ஐடாவோடு அமெரிக்காவிலிருந்து வந்த அன்னி ஹான்காக், வெளியே வராத பெண்களைத் தேடி வீடுகளுக்குச் சென்றார். அவர் வழியாகவே பல வீடுகளின் கதவுகள் மருத்துவருக்கும் திறந்தன. இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளிகள் சிகிச்சை பெற்றனர். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளோடு திறக்கப்பட்டது.

அடுத்து வந்த ஆண்டுகளில் பிளேக்கும் காலராவும் வந்தன. மருத்துவமனைக்கு வர முடியாதவர்களுக்காகச் சாலையோர மருத்துவம் தொடங்கப்பட்டது. குடியாத்தம் சாலையில் குறித்த நாளில், குறித்த மரத்தடியில் மருத்துவர் வண்டி நிற்கும்; மக்கள் அங்கே காத்திருப்பார்கள். ஒரு மருத்துவர் எவ்வளவு உழைத்தாலும் மாவட்டத்தின் தேவை தீராது என்பதை இந்தச் சாலையோரக் கூட்டமே உணர்த்தியது. 1903இல் மருந்து கலப்போருக்கும் 1909இல் தாதியருக்கும் பயிற்சி தொடங்கியது இந்த உணர்விலிருந்துதான்.

1918: ஒப்புவித்தலின் தொடக்கம்

இந்தியப் பெண்களை மருத்துவராக்கும் பள்ளி என்ற திட்டத்தைச் சென்னை மாகாண மருத்துவத் துறைத் தலைவர் கர்னல் பிரைசன் நம்பவில்லை. விண்ணப்பிக்கப் பெண்கள் வருவார்களா என்பதே அவருடைய ஐயம். 151 பேர் விண்ணப்பித்தனர். 17 பேர் சேர்க்கப்பட்டனர். 1918 ஆகஸ்டு 12 அன்று ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு பள்ளியைத் திறந்து வைத்தார். உலகப் போர் முடியாத ஆண்டு. கட்டடம் போதாது, கருவிகள் போதாது, ஆசிரியர்கள் போதாது. முதலாண்டு அரசுத் தேர்வில் ஆண்களின் பள்ளிகளில் ஐந்தில் ஒருவரே தேறுவது வழக்கம் என்று ஐடா எச்சரிக்கப்பட்டிருந்தார். வேலூரில் தேர்வெழுதிய 14 பெண்களும் தேறினர். அந்தப் பதினால்வரும் 1922இல் படிப்பை முடித்தனர்.

பள்ளியின் செலவு பெருகியது. ஆசியாவிலுள்ள ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்கக் கிறிஸ்தவப் பெண்கள் நிதி திரட்டினர். இரண்டு மில்லியன் டாலர் சேர்ந்தால் ராக்ஃபெல்லர் குடும்ப அறக்கட்டளை ஒரு மில்லியன் தரும் என்ற ஏற்பாட்டில் அந்தத் தொகை எட்டப்பட்டது. லூசி பீபாடி இந்த முயற்சியின் தலைமை உழைப்பாளி. ஐடாவின் நெருங்கிய தோழி கெர்ட்ரூட் டாட் தம் சொந்தப் பணத்தையும் உழைப்பையும் மாணவிகளுக்காகச் செலவிட்டார். வேலூர்ப் பணி ஒருவரின் துணிவால் நின்றது என்ற பொதுவான எண்ணம் இந்த விவரங்களோடு பொருந்தவில்லை. கடல் கடந்த ஊர்களில் தையல் வகுப்பு நடத்திக் காசு சேர்த்த பெண்களும், வேலூரில் இரவு முழுக்க விழித்திருந்த தாதியரும் அதைத் தாங்கினர்.

1938: மிகப் பெரிய சோதனை

1938இல் சென்னை அரசு, வேலூர்ப் பள்ளி போன்றவை நடத்திவந்த சான்றிதழ் படிப்புக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இனி எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குரிய கல்லூரிகள் மட்டுமே மருத்துவர்களைப் பயிற்றலாம். வேலூர்ப் பள்ளி கல்லூரியாக உயர வேண்டும். இல்லையேல் மூடப்பட வேண்டும். உயர்வதற்குப் பட்டம் பெற்ற பேராசிரியர்கள், கூடுதல் படுக்கைகள், ஆய்வுக்கூடங்கள், பெரும் பணம் தேவைப்பட்டன. ஐடாவுக்கு அப்போது அறுபத்தேழு வயது.

ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் எல்லா மிஷன்களின் ஆதரவும் கிடைக்கும், கல்லூரி பிழைக்கும் என்ற யோசனை எழுந்தது. இது பெண்களுக்காகப் பெண்கள் திரட்டிய பணத்தில் எழுந்த நிறுவனம். ஆண்களைச் சேர்ப்பது கொடுத்தவர்களுக்குத் துரோகம் என்று லூசி பீபாடி கடுமையாக எதிர்த்தார். அவருடைய வாதத்தில் நியாயம் இருந்தது. இந்திய மிஷன்களின் வாதத்திலும் நியாயம் இருந்தது. நெடுநாள் நட்பு இந்தப் பிணக்கில் முறிந்தது. எதிர்ப்பாளரோடு மோதுவதைக் காட்டிலும், உயிராய்த் துணை நின்றவரோடு பிரிய நேர்வது ஊழியருக்குக் கடினமான பாடு. ஐடா கல்லூரி பிழைப்பதையே தேர்ந்தெடுத்தார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். தொழுநோய் மருத்துவத்தில் புகழ்பெற்ற ராபர்ட் காக்ரேன் வேலூரில் கல்லூரியை உயர்த்தும் பணியை முன்னின்று நடத்தினார். 1942இல் சென்னைப் பல்கலைக்கழகம் தற்காலிக இணைப்பு அளித்தது. 1946இல் ஐடா பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். 1947இல் ஆண் மாணவர்கள் முதன்முறையாகச் சேர்ந்தனர். விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த ஹில்டா லாசரஸ் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். அதே 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, ஆர்க்காடு மிஷனின் சபைகளும் அதன் பகுதியாயின. தலைமை இந்தியர் கைக்கு வந்தபோது நிறுவனம் தளரவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பயிற்றப்பட்டவர்கள் தயாராக இருந்தனர்.

மேரி வர்கீஸ்: அடுத்த தலைமுறை

ஒப்புவிக்கப்பட்ட ஊழியம் இடரைத் தாங்குமா என்பதற்கு மேரி வர்கீஸின் வாழ்வு விடை தருகிறது. கேரளத்தில் பிறந்து வேலூரில் மருத்துவம் படித்த அவர், 1954 ஜனவரியில் வாகன விபத்தில் தண்டுவடம் முறிந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளை அறுவை செய்து நிமிர்த்தும் முறையை வேலூரில் உருவாக்கிக்கொண்டிருந்த பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே அந்த அறுவையைச் செய்யலாம் என்று ஊக்கினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து மேரி அறுவை சிகிச்சை செய்தார். பின் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவத்தில் பயிற்சி பெற்று வந்து, வேலூரில் அத்துறையைத் தலைமை தாங்கி வளர்த்தார். 1966இல் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தண்டுவடம் முறிந்தவர்களுக்கு வீட்டு மூலையைத் தவிர வேறிடம் இல்லாதிருந்த நாட்டில், அவர்களுக்கென ஒரு மருத்துவத் துறை இப்படி உருவானது. அவருடைய துன்பம் தானாக நன்மையாகிவிடவில்லை. ஆசிரியரும் பயிற்சியும் ஏற்றுக்கொண்ட நிறுவனமும் சேர்ந்ததால்தான் அது பிறருக்குப் பயன்பட்டது.

விமர்சனங்கள்

மிஷன் வரலாற்றைப் புகழுரையாக மட்டும் எழுதுவது முறையன்று. மிஷனரிகள் பிரிட்டிஷ் ஆட்சியின் பாதுகாப்பில் பணி செய்தனர். வெளிநாட்டு மிஷனரிக்கும் உள்ளூர் உபதேசியாருக்கும் சம்பளத்திலும் அதிகாரத்திலும் பெரிய இடைவெளி இருந்தது. நோயாளியின் இக்கட்டு மதமாற்றத்துக்கு வாய்ப்பாகிறது என்ற குற்றச்சாட்டைக் காந்தியடிகள் உட்படப் பலர் எழுப்பினர். இவற்றை மறுக்கத் தேவையில்லை. ஆனால் திண்டிவனத்தில் அன்று வந்த மூவரும் மூன்று சமூகத்தினர். ஐடா கற்ற மருத்துவம் அவர்களைப் போன்ற எல்லோருக்கும் திறந்திருந்தது. பணிவிடை பெறுவதற்கன்று, செய்வதற்கே என்னும் பொருள்பட்ட நற்செய்தி வாசகத்தைக் குறிக்கோளாகக் கொண்ட வேலூர் நிறுவனம் அந்தக் குறிக்கோளுக்கு எவ்வளவு உண்மையாக இருந்தது என்பதை, அதன் வாசலில் நின்ற நோயாளிகளின் சாதியையும் மதத்தையும் கொண்டே அளக்க வேண்டும். அந்த அளவுகோலில் அது பெரிதும் தேறியிருக்கிறது.

நிலைத்ததன் காரணங்கள்

ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக் கால வரலாற்றிலிருந்து நான்கு காரணங்களைத் தொகுக்கலாம்.

முதலாவது, துணை. தனியாக நின்றவர் இந்த வரலாற்றில் அரிது. குடும்பம், உடன் ஊழியர், சபை, தொலைவிலிருந்து கொடுத்தவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஆட்கள் இருந்தனர்.

இரண்டாவது, திறமை. நல்லெண்ணம் மூன்று உயிர்களைக் காப்பாற்றவில்லை என்பதை ஐடா கண்டார். அழைப்பை ஏற்றவர் அதற்குத் தகுந்த பயிற்சியைப் பெறுவதும் உண்மையாயிருத்தலின் பகுதி.

மூன்றாவது, நோக்கத்தையும் அமைப்பையும் பிரித்தறிதல். பிரசங்கத்தை முதன்மையாகக் கொண்ட மிஷன் மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் நடத்தியது; பெண்களுக்கான பள்ளி இருபாலர் கல்லூரியானது; அமெரிக்கத் தலைமை இந்தியத் தலைமையானது. ஒவ்வொரு மாற்றத்திலும் அமைப்பு மாறியது, நோயுற்றோருக்கான பணி தொடர்ந்தது. அமைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் 1938இலேயே எல்லாம் முடிந்திருக்கும்.

நான்காவது, ஒப்புவித்தல். கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் சலோமிக்கும் தாதியருக்கும் பதினான்கு மாணவிகளுக்கும் ஐடா கொடுத்தார். தெரு மக்களுக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்த உபதேசியாரும் இதையே செய்தார்.

ஐடா ஸ்கடர் 1960 மே மாதம் கோடைக்கானலில் காலமானார். ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் இன்று 2,000க்கும் மேற்பட்ட படுக்கைகள் உள்ளன. இடர்களைத் தனியாளாகத் தாங்கிக் களைத்துப்போவதை ஊழியத்தின் அடையாளமாகப் போற்றும் பழக்கம் சபைகளில் இன்னும் இருக்கிறது. அந்தப் பழக்கத்தைத் திண்டிவனம், வேலூர் வரலாறு ஆதரிக்கவில்லை. தம் ஊழியர்கள் நிலைத்திருக்க வேண்டும் என்று விரும்பும் சபை, அவர்களுக்குத் துணையையும் ஓய்வையும் பயிற்சியையும் கொடுக்கட்டும். ஊழியர் தமக்குப் பின் நிற்பவர்களைத் தம் காலத்திலேயே ஆயத்தம் செய்யட்டும்.